கேட்க மட்டும்

கோட்டாஞ்சேனையில் இருந்த அந்த இசைத்தட்டுக் கடைக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு வியாழக்கிழமை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆவணி மாதம். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "அம்மா, அக்கா, நான். பிற்பகல் மழை. அக்கா வழி முழுவதும் வாய் திறக்கவில்லை." வாய் ஓயாத அக்கா அன்று ஏன் பேசவில்லை என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதாவிட்டாலும் மறக்கவில்லை.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை இலிகிதர். நான் அந்த வருடந்தான் துறைமுகக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்னைவிட அக்கா இரண்டு வயது மூத்தவள். முறையாகப் பாட்டுப் படித்தவள். முந்திய வருடம் நவராத்திரி விழா ஒன்றில் அவள் பாடியதைக் கேட்ட யாரோ அந்தக் கடை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்போது ஒரு கம்பனியின் ஒலிப்பதிவுக்காரர்கள் கொழும்புக்கு வருவதாக இருந்தது. பாடுவதற்கு ஆட்களைத் தேடிக்கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாட்டு வாத்தியார் மூலம் அம்மாவுக்குச் செய்தி வந்தது. அப்பாவுக்குச் செய்தி சொல்லப்படவில்லை.

கடை ஒடுக்கமானது, ஆனால் உள்ளே நீளமாகப் போகும். வாசலில் பெயர்ப்பலகைக்குப் பதிலாக ஒரு பழைய பித்தளைக் கூம்பைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இரு பக்கமும் கூரைவரை பலகை அடுக்குகள். மண்ணிறக் கடதாசி உறைகளில் இசைத்தட்டுகள் புத்தகங்களைப்போல நின்றன. பின்புறத்தில் தேக்கம் பலகையால் அடைத்த இரண்டு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராமபோன், இரண்டு கதிரைகள், கண்ணாடி வைத்த கதவு. வாங்க வருகிறவர்கள் அங்கே இருந்து போட்டுக் கேட்கலாம். கேட்பதற்கென்று ஒவ்வொரு பாட்டிலும் ஒரு தட்டைக் கடையிலேயே வைத்திருப்பார்கள். அதன் உறையில் "கேட்க மட்டும்" என்று மும்மொழியில் எழுதிய துண்டு ஒட்டியிருக்கும். வாங்குகிறவருக்குப் புதுத்தட்டு கொடுக்கப்படும். ஆனால் அதையும் அங்கேயே ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொண்டுபோகவேண்டும். கீறல் இருக்கிறது என்று மறுநாள் வந்து நின்றால் திருப்பி எடுக்கமாட்டார்கள். முதலாளி இந்த விதியில் தன் தாயாருக்கும் விலக்குக் கொடுக்கமாட்டார் என்று கடையில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

முதலாளி தமிழ் பேசும் முஸ்லிம். சிவப்புத் துருக்கித் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக, எப்போதும் மேல்சட்டைப் பையில் ஊசிப்பெட்டி வைத்திருப்பார். ஓர் ஊசி ஒரு பக்கத்துக்குத்தான். பக்கம் முடிந்ததும் அதைக் கழற்றிச் சிகரெட் தகரத்துக்குள் போட்டுவிடுவார். "ஊசி பழசானா தட்டத் தின்னும்," என்பார்.

அன்று எங்களுக்கு முன் ஒரு சிங்களப் பெரியவர் வலதுபக்க அறையில் இருந்தார். கதவைத் திறந்து தலையை நீட்டி, "ஆயெத் தான்ன, முதலாளி," என்றார். திரும்பவும் போடட்டுமாம். முதலாளி முகம் கோணாமல் போய்ப் போட்டுவிட்டு வந்து, அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"இவரு யோசிக்கிற ஆளு, தாயே. மூணு மாசமா ஒரே பாட்ட யோசிக்கிறாரு."

"வாங்கமாட்டாரோ?" என்று அம்மா கேட்டாள்.

"வீட்டில மெசின் இல்ல. என்னத்துக்கு வாங்கிற? ஆனா நான் கேக்க மாட்டன். எனக்கிட்ட இப்பிடி ஏழெட்டுப் பேரு ஈக்கிறாங்க. கொம்பனித்தெருவில இருந்து ஒரு மலாய்க்காரரு சனிக்கெழம சனிக்கெழம வாராரு. அவரு யோசிக்கத் தொடங்கி ரெண்டு வருஷம்."

அக்கா சிரித்தாள். பிறகு முதலாளி எங்களை இடதுபக்க அறையில் இருத்தி, யாரோ ஒரு பெண் பாடிய தட்டைப் போட்டார். அக்கா அதற்குமுன் கிராமபோனை இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. ஆளில்லாமல் குரல் மட்டும் எங்கள் மூவருக்கும் நடுவில் வந்து நின்றது. முடிந்ததும் அவள் எழுந்து, தட்டு நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை பேசாமல் வந்தது அதனால்தான்.

ஒலிப்பதிவு நடந்தது பம்பலப்பிட்டியில், புகையிரதப் பாதைக்குக் கிட்ட இருந்த ஒரு மாடி வீட்டில். வாடகை குறைவென்று யாரோ எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள். சுவர்களுக்கெல்லாம் கம்பளம் தொங்கவிட்டு யன்னல்களை அடைத்தும், புகையிரதம் போகும்போது வீடு நடுங்குவதை அடைக்க முடியவில்லை. ஆகவே இரண்டு புகையிரதங்களுக்கு நடுவில்தான் பாடவேண்டும். பாடுவது மெழுகுத் தட்டில் பதியும்; பிழை வந்தால் அந்த மெழுகு வீண். என்னிடம் கைக்கடிகாரமும் நேர அட்டவணையும் இருப்பதைக் கண்ட முதலாளி, "தம்பி, நீங்கதான் எங்கட ஸ்டேசன் மாஸ்டர்," என்று என்னை யன்னலோரம் நிறுத்தினார்; பாதை வெறுமையானதும் கையை உயர்த்தி, பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருக்கவேண்டும்.

முதற்பக்கத்துக்கு அக்கா ஒரு முருகன் பாட்டுப் பாடினாள். மறுபக்கத்துக்குத் தாலாட்டு. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. விளக்கு அணைந்தபின்தான் பேசலாம். தாலாட்டு முடிய அரை நிமிடம் இருக்கையில், நேரம் பிந்திய புகையிரதம் ஒன்று வெள்ளவத்தைப் பக்கமிருந்து வருவதை யன்னல் இடுக்கால் கண்டேன். பாட்டு முடிந்தது. தப்பிவிட்டோம் என்ற நினைப்பில் உயர்த்தியிருந்த கையைக் கீழே போட்டேன். விளக்கு இன்னும் அணையவில்லை. என் கையைப் பார்த்த அக்கா, சாதாரணமாக வீட்டில் கேட்பதுபோல, "முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டாள்.

அதுவும் மெழுகில் ஏறிவிட்டது. அன்றைக்கு வேறு மெழுகு இல்லை. அடுத்த நாள் அவர்கள் பெட்டி கட்டவேண்டும். ஒலிப்பதிவுத் துரையுடன் ஆங்கிலத்தில் கதைத்துவிட்டு வந்த முதலாளி, "பெரிசாக் கேக்காதாம். பாட்டு நல்லா வந்தீக்கி," என்று தேற்றினார். நான் தலை குனிந்து நின்றேன். அக்கா என் மண்டையில் ஒரு குட்டு வைத்து, "ஸ்டேசன் மாஸ்டருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை," என்றாள்.

இசைத்தட்டு அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு கடைக்கு வந்தது. அம்மா கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை. "ஓர் இசைப்பிரியை" என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கடைசிச் சொல் தெளிவாகக் கேட்டது. தாலாட்டு ஓய்ந்து, ஊசி உள்வட்டத்துக்குப் போய், இனி ஒன்றும் இல்லை என்று நினைக்கும் நேரத்தில் அக்கா கேட்கிறாள்: முடிஞ்சுதோ?

எங்கள் வீட்டில் கிராமபோன் இல்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு டாக்குத்தர் வீட்டில் இருந்தது. ஒருநாள் கந்தோரால் வந்துகொண்டிருந்த அப்பா அந்த வீட்டு வேலியோரத்தில் நின்றுவிட்டார். உள்ளே ஓடிய தாலாட்டை அவர் அடையாளம் கண்டிருக்கமாட்டார். அக்கா பாடும்போது அவர் பெரும்பாலும் கந்தோரில்தான். அந்த ஒற்றைக் கேள்வியை அவரால் அடையாளம் காணாமலிருக்க முடியவில்லை.

அந்த நாட்களில் அக்காவுக்கு மலாயாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை புகையிரதக் கந்தோரில் வேலை. அவருடைய உறவினர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை காசுக்குப் பாடி, அந்தப் பாட்டைக் கண்டவன் நின்றவன் எல்லாம் கடையில் வாங்குகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்தால் பேச்சு நின்றுவிடும் என்பது அப்பாவின் பயம். அன்றைய யாழ்ப்பாணத்தில் அது வெறும் பயமல்ல. வீட்டுக்கு வந்து அப்பா சத்தம் போடவில்லை. அம்மாவிடம், "உந்த றெக்கோட்டிலை எத்தினை அடிச்சவங்கள்?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா காலையில் வெளிக்கிட்டு, பொழுது சாய்ந்தபின் வந்தார். கையில் கயிறு கட்டிய பொதி. "கந்தோர்ச் சாமான்," என்றார். கந்தோர்ச் சாமானைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய், பன்னிரண்டு இசைத்தட்டுகளையும் ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து உடைத்தார். அரக்குத் தட்டு உடையும்போது பெரிய சத்தம் வராது. காய்ந்த பாளை முறிவதுபோல ஒரு சத்தம். துண்டுகளைச் சாக்கில் கட்டி வெள்ளவத்தைக் கால்வாயில் போட்டுவிட்டு வந்து குளித்தார்.

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கண் கலங்கியிருந்தது. அதோடுதான் என் காதில் சொன்னாள்:

"தம்பி, அப்பாதான் என்ரை பெரிய ரசிகர். ஒரு நாளிலை பன்னிரண்டு றெக்கோட்!"

இனி வருவதுதான் அப்பா கணக்கில் எடுக்காதது. ஒரே நாளில் ஒரே ஆள் பன்னிரண்டு வாங்கினால் கடைக்காரர் என்ன நினைப்பார்? இந்தப் பாட்டுக்குக் கிராக்கி என்று நினைப்பார். முதலாளி அன்றைக்கே கம்பனிக்கு எழுதி இன்னும் இரண்டு டசினுக்குச் சொல்லிவிட்டார். புரட்டாதியில் அவை வந்து சேர்ந்தபோது, வாசற் கண்ணாடிக்குள் விசிறிபோல விரித்து வைத்து, "பலரது வேண்டுகோளுக்கிணங்க மீண்டும் வந்துள்ளது" என்று தமிழில் எழுதிப் போட்டிருந்தார். பலர் என்பது அப்பா. கோட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய அப்பா அதைக் கண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் வெகுநேரம் சப்பாத்தைக் கழற்றவில்லை. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்து, "இஞ்சேருங்கோ, என்ன நடந்தது?" என்று கேட்க, "முளைக்குது," என்றார்.

அக்கா அறைக்குள் ஓடிப்போய் வாயில் தலையணையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாம் முறை அப்பா அந்தக் கடைக்குள் போகவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த இரண்டு டசினும் மெல்ல மெல்ல விற்றுப்போயின.

அடுத்த தையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பகுதியார் ஒருவரும் அந்த இசைத்தட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் கிராமபோன் இல்லை. மாசியில் அக்கா மலாயாவுக்குக் கப்பலேறினாள். கப்பல் கரையை விட்டு விலகும்போது மேற்தட்டிலிருந்து கைகூப்பிக் காட்டி ஏதோ கத்தினாள். காற்றில் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்டு எழுதினேன். மறந்துபோனேன் என்று பதில் எழுதியிருந்தாள்.

எனக்கென்று ஒரு தட்டை நான் ஏன் அப்போது வாங்கி வைக்கவில்லை என்று பலமுறை என்னைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் போட்டுக்கேட்க வழியில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவளுடைய குரல் மாதம் ஒரு கடிதத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் எழுதுவதும் பேசுவதும் ஒன்றுதான். "ஸ்டேசன் மாஸ்டர் அவர்களுக்கு" என்றுதான் எனக்கு எழுதும் பகுதியைத் தொடங்குவாள்.

யப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்த மாசிமாதத்தோடு கடிதங்கள் நின்றன. கடைசிக் கடிதம் மார்கழி முதல் வாரம் எழுதியது. அதில் இரண்டாவது குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் இரத்மலானையிலும் குண்டு விழுந்தபின் அரைவாசி ஊர் வெளியேறியது. அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். வேலையை விட்டு வெளிக்கிட முடியாத அப்பாவும் நானும் வெள்ளவத்தை வீட்டில் தங்கினோம். இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சொற்கள் மிகக் குறைவு. "சோறு ஆறுது." "குடை எங்கை?" "கடிதம் ஒண்டும் இல்லையோ?" மூன்றாவதைக் கேட்பதையும் சில மாதங்களில் நிறுத்திவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசியில், அவள் குரல் எனக்கு மறக்கத் தொடங்கியது. முகம் மறக்கவில்லை, படம் இருந்தது. வசனங்கள் மறக்கவில்லை, கடிதங்கள் இருந்தன. "ஸ்டேசன் மாஸ்டர்" என்று அவள் சொல்வதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் என் குரலில்தான் கேட்டது. திகதிகளையெல்லாம் எழுதி வைத்த எனக்கு ஒரு குரலை எழுதி வைக்கத் தெரியவில்லை. அப்போதுதான் கோட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் வந்தது. அந்தத் தட்டை எப்படியும் வாங்குவது. பிறகு எங்காவது ஒரு பழைய கிராமபோனையும் தேடிப்பிடிப்பது.

நான் போனது ஒரு திங்கட்கிழமை, கந்தோர் விட்டு நேராக. கடை மாறியிருந்தது. முன்பக்கம் முழுவதும் வானொலிப் பெட்டிகள். யுத்தச் செய்தி கேட்கப் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள். கம்பனிகளிடமிருந்து புதுத்தட்டுகள் வருவது அருகிப்போய், அடுக்குகளில் இடைவெளி விழுந்திருந்தது. முதலாளி என்னை உடனே அடையாளம் கண்டார்.

"அல்லாவே, ஸ்டேசன் மாஸ்டர்! ராத்தாட செய்தி ஏதும் வந்திச்சா?"

ராத்தா என்று அவர் சொன்னது அக்காவை. இல்லை என்று தலையாட்டினேன். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விக்கிற தட்டு ஒண்டும் இல்ல, தம்பி. கம்பனி அந்த நம்பர நிப்பாட்டிட்டு. கேக்க வெச்ச தட்டு ஒண்டுதான் மிச்சம் ஈக்குது."

"அதைத் தரமாட்டியளோ?"

"ஒங்களுக்குத் தரத்தான் வேணும். ஆனா..." வாசற் பக்கம் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இண்டைக்குத் திங்கக்கெழம. ஒங்கட வாப்பா வார நேரம்."

எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமைகளில் அப்பா கந்தோர் விட்டுச் சிவன் கோயிலுக்குப் போய்வருவார் என்பது எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டில் நான்கு வருட வழக்கம்.

"கோயிலுக்கும் போறாருதான்," என்றார் முதலாளி. "கோயிலால இங்க வாராரு. மொதல்ல வந்தது அந்தப் பன்னெண்டும் வாங்க. எல்லாத்தையும் கட்டித் தாங்க, அவசரம் எண்டாரு. நான் விடல்ல. ஒவ்வொண்டும் போட்டுப் பாத்துத்தான் கொண்டு போவணும், கடச் சட்டம் எண்டன். எனக்கென்ன தெரியும் அது ஒங்கட ராத்தாட வாப்பா எண்டு? பன்னெண்டு தட்டு, ரெண்டு பக்கமும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல அந்த அறைக்குள்ள இருந்தாரு. மொதல் தட்டுக்குக் கோவமா இருந்தாரு. நாலாவதுக்குத் தொப்பியக் கழட்டி மடியில வெச்சாரு. பொறகு நான் ஊசி மாத்தப் போனா நிமிந்து பாக்கல்ல."

பன்னிரண்டு தடவை. அதைக் கேட்டுவிட்டு வந்துதான் பன்னிரண்டையும் உடைத்திருக்கிறார்.

"பொறகு?"

"பொறகு ரெண்டு டசின் வந்த நேரம் வந்தாரு. வாங்க அல்ல. சும்மா கேக்க. எடுக்கிறீங்களா எண்டன். யோசிக்கிறன் எண்டாரு. அண்டையிலேரிந்து யோசிக்கிறாரு."

அதற்குமேல் கதைக்க நேரமில்லை. முதலாளி என் தோளைப் பிடித்து இடதுபக்க அறைக்குள் தள்ளி, "கதவ சாத்திட்டு இருங்க," என்றார். கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒரு பச்சைத் துணி தொங்கியது, அதை இழுத்துவிட்டேன். சிறிது நேரத்தில் அப்பாவின் செருமல் கேட்டது. குடையைச் சுவரில் சாய்க்கும் சத்தம். வலதுபக்க அறையின் கதவு.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தேக்கம் பலகை. முதலாளி இரும்பு ஊசி போடவில்லை. இந்தத் தட்டுக்கென்று மூங்கில் ஊசி வைத்திருந்தார். மூங்கில் குறைவாகப் பாடும், ஆனால் தட்டைத் தேய்க்காது. அப்படியிருந்தும், ஊசி எதுவானாலும், உள்வட்டத்தில் இருப்பதுதான் முதலில் அழியும் என்பதை நான் பிறகு புத்தகம் ஒன்றில் படித்தேன்.

முருகன் பாட்டு அவர் போடச் சொல்லவில்லை. தாலாட்டு மட்டும். மழை இரைச்சல்போல ஓர் இரைச்சல், அதற்குப் பின்னால் அக்கா. மூன்று நிமிடத்துக்கு நான் என்ன நினைத்தேன் என்று எழுத முடியவில்லை. நாட்குறிப்பிலும் அன்றைய பக்கத்தில் திகதி மட்டும் இருக்கிறது. பாட்டு ஓய்ந்தது. இரைச்சல் தொடர்ந்தது. பிறகு, சற்றுக் கரகரத்து, ஆனால் ஐயமில்லாமல் அவளேதான்:

"முடிஞ்சுதோ?"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா பதில் சொன்னார். இரகசியமாக அல்ல, விறாந்தையில் இருந்துகொண்டு குசினிக்குச் சொல்வதுபோல.

"ஓம் பிள்ளை. முடிஞ்சுது."

வெளியே வந்தவரிடம் முதலாளி வழக்கமான குரலில், "என்ன ஐயா, எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் யோசிக்கிறன்," என்றார் அப்பா.

"யோசிங்க, யோசிங்க. அவசரம் ஒண்டும் இல்ல."

அவர் போனபின் முதலாளி தட்டை உறையில் இட்டு என் முன்னால் வைத்தார். "இப்ப சொல்லுங்க, தம்பி. ஒங்கட ராத்தா. ஒங்களுக்கெண்டா நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன்."

உறையைக் கையில் எடுத்தேன். அதைக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஆசை அந்த நிமிடத்தில் என் உடம்பு முழுவதும் இருந்தது. மறைக்கவில்லை. கொண்டுபோனால் அடுத்த திங்கட்கிழமை அப்பா வருவார். முதலாளி அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும். வீட்டில் வைத்துக் கேட்போம் என்றால், உடைத்த மனிதர் தன் மகனுக்கு முன்னால் அதைக் கேட்கவேண்டும், பதில் சொல்லாமல் கேட்கவேண்டும். "கேட்க மட்டும்" என்ற துண்டின் ஓரம் சுருண்டிருந்தது. அதை விரலால் நீவி ஒட்டிவிட்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நானும் யோசிக்கிறன்," என்றேன்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் அப்பா அதே மேடையில் நின்றார். என்னைக் கண்டதும், "எங்கை போனனி?" என்றார்.

"கோயிலுக்கு."

"நானும் கோயிலாலைதான் வாறன்," என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது. என் நெற்றியில் இல்லை. அவர் அதைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். வண்டி வந்ததும் யன்னலோர இருக்கையை எனக்கு விட்டார்.

அதன்பின் மாதத்தில் ஒரு திங்களோ இரண்டு திங்களோ நான் அப்பாவுக்கு முன்பே போய் இடதுபக்க அறையில் இருந்துகொள்வேன். எனக்கென்று ஒருநாளும் அந்தத் தட்டைப் போடச் சொன்னதில்லை. ஒரு தடவை ஊசி ஓட, இருவர் கேட்டோம். அவ்வளவு தேய்மானம் மிச்சம். முதலாளி எனக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டுத் துணியை இழுத்துவிடுவார். ஒவ்வொரு மாதமும் அந்தக் கடைசிச் சொல் இரைச்சலுக்குள் கொஞ்சம் உள்ளே போனது. மூன்றாம் வருடத்தில், அது வரும் இடத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டுந்தான் கேட்டது. அப்பாவின் பதில் மட்டும் மாறவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை காலை, மலாயா முத்திரையோடு கடிதம் வந்தது. அக்காவின் கையெழுத்து. அப்பா விறாந்தையில் நின்றபடியே உடைத்து உரத்து வாசித்தார். அவளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவளுடைய கணவரை யப்பானியர் இரண்டு வருடம் எங்கோ காட்டில் புகையிரதப் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்துவிட்டார், மெலிந்துபோய். சுரம், பஞ்சம், மரவள்ளிக்கிழங்கு. கப்பல் கிடைத்தாலும் இப்போதைக்கு ஊருக்கு வர வழியில்லை. அப்பாவின் குரல் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. கந்தோரில் அறிக்கை வாசிக்கிறவர் அவர். கடைசிப் பந்திக்கு வந்ததும் நின்றுவிட்டார். கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்.

"ஸ்டேசன் மாஸ்டர் அவர்களுக்கு: இஞ்சை பிள்ளையளுக்கு அந்தத் தாலாட்டைத்தான் பாடினனான். இப்ப தொண்டை அடைச்சுப் போச்சு, பழைய மாதிரி வராது. கோட்டாஞ்சேனைக் கடையிலை என்ரை றெக்கோட் இன்னும் விக்குதோ? அப்பாவுக்குச் சொல்லாமல் ஒருக்கால் விசாரிச்சு எழுது."

அப்பாவுக்குச் சொல்லாமல் என்ற இடத்தை நான் விழுங்கி வாசித்தேன். அவர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"பேனையை எடு," என்றார். எடுத்தேன். ஒழுங்கையில் மீன்காரனின் கூவல் வந்து போயிற்று.

"விக்கிறதுக்கு இல்லை எண்டு எழுது. கேக்கலாம் எண்டு எழுது."

எழுதினேன். மையை ஒற்றுவதற்குள் அவர் அறைக்குள் போய் மேற்சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியோடும் குடையோடும் வந்தார். அன்று திங்கட்கிழமை அல்ல; கோயிலுக்குப் போகிற நேரமும் அல்ல. படியில் இறங்கி நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"வாறதெண்டால் வா. உந்தப் பலகைக்கு மற்றப் பக்கம் இருந்து கேக்கிறது வடிவாய்க் கேளாது."